வால்நட் பெஸ்டோ: கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது

கோயம்புத்தூருக்குத் திரும்பி வந்த முதல் மாதம், வீட்டுக்கு வந்த நான்கு பேருக்குப் பெஸ்டோ பாஸ்தா செய்து போட்டேன். பெஸ்டோ என்றால், பேசில் என்ற துளசி இனத்து இலையைக் கொட்டைப் பருப்பு, சீஸ், ஆலிவ் எண்ணெயோடு அரைக்கும் பச்சைத் துவையல் மாதிரி. இரண்டு வருஷம் இத்தாலியின் ஜெனோவாவில் இருந்தவள், பெஸ்டோ பிறந்த ஊரிலேயே குடித்தனம் நடத்தியவள் என்ற மிதப்பு எனக்கு. முதல் வாய் வைத்ததுமே மகள், "அம்மா, இது வேப்பங்கொழுந்தா?" என்று கேட்டாள். வந்தவர்கள் நாகரிகமானவர்கள். தட்டில் கிடந்த உருளைக்கிழங்குத் துண்டுகளை மட்டும் தேடித் தேடிச் சாப்பிட்டார்கள். நிறமாவது தேறியதா என்றால் அதுவும் இல்லை. பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி ஒரு கரும்பச்சை.

இலையைக் குறை சொன்னேன். மிக்ஸியைக் குறை சொன்னேன். ஆலிவ் எண்ணெய் போலியாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். மறுநாள் காலையில் டப்பாவில் மிச்சமிருந்த வால்நட் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. சிக்கு அடித்துப்போன வால்நட்டை ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி போட்டு அரைத்திருக்கிறேன்.

கேவலம் என்னவென்றால், இதைத் தவிர்க்கும் வழியை ஜெனோவாவில் ஒரு பாட்டி எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்.

நாங்கள் இருந்தது காஸ்தெல்லெத்தோ என்ற மேட்டுப் பகுதி. கணவருக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. எனக்கு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மதியம் வரை பேச ஆள் கிடையாது. மேல்மாடியில் தனியாக இருந்த பாட்டிக்கும் அதே நிலைமை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு இத்தாலியன் அரைகுறை. சமையலறையில் அது ஒரு தடையாகவே இல்லை. 'சிஞ்ஞோரா' என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த ஊர்க் கணக்குப்படி பெஸ்டோவுக்கு ஏழு பொருள்: பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, பார்மேசான் சீஸ், பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸ், ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு. பெஸ்டோ என்ற பெயரே 'இடிப்பது' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். சிஞ்ஞோரா பைன் கொட்டையை விசேஷ நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்வார். சாதாரண நாளில் வால்நட். "பைன் கொட்டை விலை கேட்டாயா?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். ஜெனோவாவில் 19ஆம் நூற்றாண்டில் அச்சான ஒரு சமையல் புத்தகத்திலேயே, பேசில் கிடைக்காவிட்டால் மார்ஜோரம், பார்ஸ்லி என்ற வாசனை இலைகளைப் போடு என்றும், பார்மேசானோடு டச்சு சீஸைக் கலந்துகொள் என்றும் எழுதியிருக்கிறது. துறைமுக ஊர், கப்பலில் வந்ததைப் போட்டுச் சமைத்திருக்கிறார்கள். ஆகவே வால்நட் போட்டால் பெஸ்டோவே இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் கண்டுகொள்வதில்லை.

சிஞ்ஞோரா வால்நட்டை ஓட்டோடுதான் வாங்குவார். இரண்டை உள்ளங்கையில் வைத்து, ஒன்றை இன்னொன்றோடு சேர்த்து நெரிப்பார். ஒன்று உடையும், இன்னொன்று உடையாது. உடைந்ததிலிருந்து ஒரு பாதிப் பருப்பை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறுபாதியை என்னிடம் நீட்டி "அஸ்ஸாஜ்ஜா" என்பார். ருசி பார். அதன் பிறகுதான் உரலில் கை வைப்பார். ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். கொறிக்கத் தருகிறார் என்றுதான் இரண்டு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வால்நட்டில் 100 கிராமுக்கு 65 கிராம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் கெடும் வகை. நிலக்கடலையும் சிக்கு அடிக்கும்தான், ஆனால் வால்நட் அதைவிட வேகம். நம் ஊர் வெயிலில், கண்ணாடி மாதிரி தெரியும் பாக்கெட்டில், கடை அலமாரியில் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நாலு மாதம் கிடந்தால் என்ன ஆகும்? அன்று நான் வாங்கியது அப்படித்தான் கிடந்தது. பாக்கெட்டில் போட்டிருந்த கெடு தேதி இன்னும் தாண்டவில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

இப்போது நான் வாங்கும் விதம் வேறு. முடிந்தவரை ஓட்டோடு வாங்குகிறேன். காஷ்மீரில் செப்டம்பர் வாக்கில் அறுவடை. தீபாவளிக்கு முன்னும் பின்னும் புதுச் சரக்கு இங்கே வரும். கையிலேயே நொறுங்கும் மெல்லிய ஓட்டு ரகத்தைக் 'காகஸி' என்று கேட்டு வாங்கலாம். ஒரு கிலோ வாங்கினால் பருப்பு பாதிகூடத் தேறாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த பருப்பாக வாங்கினால், சரக்கு சீக்கிரம் விற்றுத் தீரும் கடையாகப் பார்த்து, வெளிர் பொன்னிறமாக இருப்பதை எடுப்பேன். பளபளவென்று எண்ணெய் கசிந்து தெரிந்தால் வேண்டாம். உடைத்தால் 'டக்' என்று உடைய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் போகாத டப்பாவில் ஃப்ரீசருக்குப் போய்விடும். ஃப்ரீசரில் வைத்தாலும் கல்லாகாது, எடுத்த இரண்டு நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்புறம் அந்த ஒரு துண்டு: அரைப்பதற்கு முன் தின்று பார்ப்பது. முதலில் லேசான இனிப்பு, கடைசியில் தோலின் துவர்ப்பு. அது சரியான வால்நட். நாக்கின் அடியில் காறல் பிடித்துக்கொண்டால் அந்த டப்பாவையே மறந்துவிடுங்கள். வறுத்தாலும் போகாது, சீஸ் போட்டாலும் மறையாது.

துவர்ப்பு என்றேனே, அது வேறு சங்கதி. வால்நட் தோலில் டானின் இருக்கிறது. கொஞ்சம் இருந்தால் பெஸ்டோவுக்கு ஒரு ஆழம் வரும், நிறைய இருந்தால் கசக்கும். இதைச் சரிசெய்யப் போய் இரண்டாவது தடவை கெடுத்தேன். கடலை வறுப்பது போல் வாணலியில் போட்டு நன்றாக வறுத்தேன். வால்நட் ஏற்கெனவே பழுப்பு நிறம் என்பதால் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. வாசனை வரட்டும் என்று காத்திருந்தால், வரும்போது கருகல் வாசனையாக வரும். குறைந்த தீயில் 5 நிமிஷம், கை நிறுத்தாமல் கிளறி, லேசாக வாசம் எழும்பும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வறுபடும். ஓவன் இருந்தால் 160 டிகிரியில் 8 நிமிஷம். சூடாக இருக்கும்போதே ஒரு பருத்தித் துணியில் கொட்டி மூட்டையாகப் பிடித்துத் தேய்த்தால் பாதித் தோல் உதிர்ந்துவிடும். அது போதும். மீதித் தோலை ஊசி வைத்து நோண்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

வறுக்காமலும் செய்யலாம். கொதிநீரில் 10 நிமிஷம் ஊறவைத்து வடித்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். கசப்பு பெருமளவு அதோடு போய்விடும். அப்படிச் செய்தால் பருப்பைத் துணியில் ஒற்றி நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பெஸ்டோ தளதளவென்று ஆகிவிடும். பச்சையாகப் போட்ட வால்நட் பால் போன்ற ருசி தரும், வறுத்தது இலையின் வாசத்தோடு போட்டி போடும். எனக்கு இப்போது பச்சைதான் பிடிக்கிறது. மகளுக்கு வறுத்தது.

இலை விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்த் துளசி இதற்கு ஆகாது. ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், கஷாயம் மாதிரி இருந்தது. ஆனால் திருநீற்றுப்பச்சை என்கிறோமே, அது பேசிலின் வகைதான். ஃபலூதாவில் மிதக்கும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான். வாசம் மட்டும் ஜெனோவா ரகத்தைவிடக் காரசாரமானது, சோம்பும் கிராம்பும் கலந்த மாதிரி. ஜெனோவாவின் மேற்குப் பக்கத்தில் ப்ரா என்ற இடத்துப் பேசிலுக்கு ஏகப்பட்ட மவுசு. வேரோடு பிடுங்கிய இளஞ்செடிகளைக் காகிதத்தில் பூங்கொத்து மாதிரி சுற்றிச் சந்தையில் விற்பார்கள். 2005-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் அந்தப் பேசிலுக்கு உண்டு. இலை சின்னதாக, உட்குழிந்து, வெளிர்பச்சையாக இருக்கும். அதை நாம் இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'ஜெனோவீஸ் பேசில்' விதை பாக்கெட்டாகக் கிடைக்கிறது. மொட்டை மாடியில் வளர்க்கலாம்.

நான் அகலமான தொட்டியில் நெருக்கமாக விதைக்கிறேன். காலை வெயில் போதும். மதிய வெயிலுக்குப் பச்சை வலைக்குக் கீழே வைத்துவிடுவேன். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள ஆரம்பித்துவிட வேண்டும். பூ வந்தால் இலை முரடாகி வாசமும் மாறிவிடும். பறித்ததும் கழுவி, ஒவ்வொரு இலையாக இல்லாவிட்டாலும், துணியில் பரப்பி ஈரம் போகக் காயவைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. கசங்கினால் அந்த இடம் கறுத்துப்போகும், ஆகவே பிழியக் கூடாது. பூக்கடையில் திருநீற்றுப்பச்சை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்து அரைக்காதீர்கள். மாலைக்கு விற்பதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

பாட்டி உரலில் இடிப்பதைப் பார்ப்பதே ஒரு அழகு. வெள்ளைப் பளிங்கு உரல், விளிம்பில் நான்கு காதுகள். வலது கையில் மர உலக்கை ஒரு பக்கம் சுழலும், இடது கை காதைப் பிடித்து உரலை எதிர்ப்பக்கம் திருப்பும். குத்துவதே இல்லை, சுவரோடு வைத்து நசுக்கித் தேய்ப்பதுதான். முதலில் பூண்டும் வால்நட்டும், பிறகு இலையும் நாலு கல்லுப்பும், பிறகு சீஸ், கடைசியில் எண்ணெய். கல்லுப்புதான் இலையைக் கிழிக்கிறது.

என் அம்மா வீட்டில் அம்மி இருக்கிறதே என்று ஒரு பொங்கல் விடுமுறையில் அதில் அரைத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் மிளகாய் அரைத்த அம்மி. எத்தனை கழுவினாலும் அதன் ஞாபகத்தை அழிக்க முடியாது. பெஸ்டோ காரமாக வந்தது. எல்லாரும் அதைத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள் என்பது தனிக்கதை. இஞ்சி பூண்டு தட்டும் சின்ன இடிகல் இருந்தால் போதும், காரம் படாததாக ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரிக்கு மிக்ஸிதான். அதில்தான் அந்தக் கரும்பச்சை நிறம் வருகிறது. பிளேடு வேகமாகச் சுற்றும்போது இலை கிழிவதோடு சூடும் ஏறுகிறது. கிழிந்த இலை காற்றோடு சேர்ந்து கறுக்கிறது, நறுக்கி வைத்த கத்தரிக்காய் மாதிரி. ஆலிவ் எண்ணெயையும் உள்ளே ஊற்றி ஓட்டினால் அது வேறு கசக்கும். இதற்கு நான் கண்ட வழி: சட்னி ஜாரைப் பிளேடோடு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வால்நட், பூண்டு, உப்பை முதலில் இரண்டு திருப்பு. பிறகு இலையும் ஒரு ஸ்பூன் எண்ணெயும். மிக்ஸி குமிழை இடது பக்கம் விட்டு விட்டுத் திருப்புவது, ஒரு தடவைக்கு இரண்டு விநாடி, நடுவில் கரண்டியால் வழித்துவிடுவது. கொரகொரப்பாக இருக்கும்போதே நிறுத்திக் கிண்ணத்துக்கு மாற்றி, சீஸையும் மீதி எண்ணெயையும் கையால் கலக்கிவிடுவேன். நிறம் பச்சையாகவே நிற்கிறது. தண்ணீர் ஒரு சொட்டும் விடக்கூடாது. துவையல் அரைத்துப் பழகிய கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும். அதைத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

அளவு கேட்பவர்களுக்கு, நான்கு பேருக்கு: இலை 50 கிராம், அதாவது தாராளமாக இரண்டு கை. வால்நட் 30 கிராம், பாதிப் பருப்பாக எண்ணினால் பதினைந்து வரும். பூண்டு ஒரு சின்னப் பல், நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிட்டு. மலைப்பூண்டு என்றால் பாதிப் பல் போதும், இல்லாவிட்டால் அதன் ஆதிக்கம்தான். துருவிய சீஸ் 45 கிராம். ஆலிவ் எண்ணெய் 60 மில்லி, தேவைப்பட்டால் இன்னும் ஒரு ஸ்பூன். தொண்டையைக் காறும் ரகமாக இல்லாமல் மென்மையான எக்ஸ்ட்ரா வெர்ஜினாகப் பாருங்கள். உப்பு ஒரு சிட்டிகை. சீஸிலேயே உப்பு உண்டு. நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டேன், சாதத்துக்கு அருமையாக இருந்தது. பாஸ்தாவுக்கு ஒட்டவில்லை.

சீஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான். என் மாமியார் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவருக்கு ஆசையாக இரண்டு தடவை பெஸ்டோ செய்து கொடுத்த பிறகுதான், அசல் பார்மேசான் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டு உறைய வைப்பது என்று படித்தேன். அந்தச் சீஸுக்கு வேறு வழியில் செய்யும் அனுமதியே கிடையாது. இரண்டு நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தையிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தெரிஞ்சா செஞ்ச? விடு. இனிமே பாத்து வாங்கு சாமி" என்றார். இப்போது பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும், நுண்ணுயிர் ரென்னட் என்று எழுதியிருக்கும் கெட்டிச் சீஸாகத் தேடி வாங்குகிறேன். இந்தியாவிலேயே செய்யும் ரகங்கள் கிடைக்கின்றன. சைவ விருந்தாளிகளுக்குச் செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். கூடவே, யாருக்காவது கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருக்கிறதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெஸ்டோவில் வால்நட் இருப்பது பார்த்தால் தெரியாது.

பாஸ்தாவோடு சேர்ப்பதில் ஒரே ஒரு விஷயம்: பெஸ்டோவை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஜெனோவாவில் ஒரே பானையில் உருளைக்கிழங்குத் துண்டு, பீன்ஸ், பாஸ்தா மூன்றையும், எது வேக நேரமாகுமோ அதை முதலில் போட்டு, வேகவைப்பார்கள். வடிக்கும் முன் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இரண்டு ஸ்பூன் விட்டுப் பெஸ்டோவைத் தளர்த்தி, இறக்கிய பாஸ்தாவில் புரட்ட வேண்டும். வாணலியில் போட்டுச் சூடாக்கினால் சீஸ் நூலாகத் திரண்டு, இலை வதங்கிய கீரை வாசம் அடிக்கும்.

மிஞ்சினால் பாட்டிலில் அமுக்கி, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றி ஃப்ரிஜ்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடுவேன். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை ஊறுகாய் மாதிரி நினைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். காற்றில்லாத அந்த இடத்தில் ஆபத்தான விஷக்கிருமி வளரலாம். நாள்பட வேண்டுமென்றால் சீஸ் சேர்க்காமல் ஐஸ் ட்ரேயில் உறைய வைக்கலாம். அதற்கு மட்டும் இலையைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்துகொள்வேன். பச்சை நிறம் மாதக்கணக்கில் நிற்கும். வாசத்தில் கொஞ்சம் போய்விடும், என்ன செய்வது.

ஐப்பசி மழையில் மாடியில் பேசில் அழுகிவிடும். அந்த இரண்டு மாதம் வால்நட்டை வைத்து வேறொன்று செய்கிறேன். அதுவும் ஜெனோவா வீட்டுச் சமையல்தான், வால்நட் சாஸ். வால்நட் 100 கிராம், பாலில் ஊறவைத்துப் பிழிந்த ஒரு துண்டு ரொட்டி, அரைப் பல் பூண்டு, ஒரு பிடி சீஸ், கொஞ்சம் எண்ணெய், ஊறவைத்த பாலிலேயே தேவையான அளவு தளர்த்திக்கொள்ளலாம். வாசத்துக்கு மார்ஜோரம் என்ற செடியின் சில இலைகள். தோலை உரிக்க வேண்டியது இதற்குத்தான் ரொம்ப முக்கியம், வெள்ளையாக வர வேண்டும். அங்கே கீரை அடைத்த 'பன்சோத்தி' என்ற கொழுக்கட்டை மாதிரியான பாஸ்தாவுக்கு இதை ஊற்றுவார்கள்.

மார்ஜோரம் எங்கே கிடைக்கும் என்று ரொம்ப நாள் தேடினேன். நர்சரியில் ஒரு செடியைக் கிள்ளி முகர்ந்தபோதுதான் தெரிந்தது, அது நம் மரு. கதம்பத்தில் வைத்துக் கட்டுவார்களே, அதேதான். ஒரு தொட்டியில் வாங்கி வைத்து, தளிர் விட்டதும் சாஸில் போட்டு அத்தைக்கு முதல் தட்டை வைத்தேன். அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, தலையில வெக்கறத இப்பச் சட்டியிலயும் போட ஆரம்பிச்சிட்டியா?"

சாப்பிட்டு முடித்துவிட்டு, மருவை எந்தத் தொட்டியில் வைத்திருக்கிறேன் என்று விசாரித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பாதிச் செடி சாமி படத்து மாலையில் இருந்தது.